தரங்கம்பாடிக் கல்லறைத் தோட்டம்

என் பாட்டனார் சென்ற ஆண்டு தைத்திங்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திருப்பனந்தாளில் அவரை அடக்கம்செய்த இடத்தில் கல் நாட்ட விழைந்த என் தந்தையார், “தமிழ் படிக்கிறவன் நீ, வாசகத்தை நீயே எழுது” என்றார். பெருமிதத்தோடு வெண்பா ஒன்று யாக்கத் தொடங்கினேன். மூன்று வாரங் கழிந்தும் ஈற்றடி வாய்க்கவில்லை. பழைய கல்லெழுத்துக்களைக் கண்டாலேனும் கருத்துத் தோன்றுமென்று கோடை விடுமுறையில் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்றேன்.

இவ்வூரை 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து பெற்ற டேனியர், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். 1707-இல் எழுந்த முதற்கோயில் கடலால் அழிந்தமையின், ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பெற்று 1718-இல் பிரதிஷ்டையாயிற்று. அதனைச் சூழ்ந்துள்ளது பழைய கல்லறைத் தோட்டம். உப்புக்காற்றால் எழுத்து மழுங்கிய கற்கள் பல. எனினும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தெரிந்த கற்களிற் சில, இளமையிலேயே மாண்டாரை உணர்த்தின.

ஆலயத்தினுள்ளே, பீடத்தின் முன்னர்த் துயில்கின்றார் சீகன்பால்க் ஐயர். ஜெர்மனியிற் பிறந்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் இங்கு வந்திறங்கி, 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் மறைந்தார், அகவை முப்பத்தாறே. அதற்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தார். அத்தமிழை அவர் எங்ஙனங் கற்றார்? முதிய திண்ணை ஆசிரியர் ஒருவரை அடுத்து, சிறு பிள்ளைகளோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார். மாணாக்கருக்குப் பீடத்தின் முன் இடமுண்டு. அவ்வாசிரியருக்கு ஒரு கல்லும் யான் அங்குக் கண்டிலேன்.

அப்பொழுது என் பாட்டனார் நினைவு எழுந்தது. அவருக்கும் மணலில் அகரம் எழுதுவித்தவர் எங்கள் ஊர்த் திண்ணை ஆசிரியரே. திருநீறணிந்த அப்பெரியார், வேதக்காரப் பிள்ளையென்று ஒதுக்காது, ஏனையோரோடு ஒரே வரிசையில் அமர்த்திக் கற்பித்தாராம். அத்தமிழன்றோ என் தந்தையார் வழியாக என்னை இவ்வகுப்பிற் சேர்த்தது?

வீடு திரும்பியதும், “அவ்வாசிரியர் பெயர் யாது, பாட்டி?” என வினவினேன். “குருவின் பேரைச் சொல்லலாமா தம்பி? உன் தாத்தா எப்போதும் ‘வாத்தியாரையா’ என்றுதான் சொல்லுவார்” என்றார் பாட்டியார். அறிந்தவர் வேறெவரும் இலர்.

வெண்பாவைக் கிழித்தெறிந்தேன். பாட்டனாரின் பெயர், இரண்டு தேதிகள், அவற்றின்கீழ், “வாத்தியாரையாவிடம் தமிழ் கற்றவர்” என்னும் ஒரே வரி: இவ்வளவே எழுதிக் கொடுத்தேன். தந்தையார் அதனை இருமுறை படித்தார். ஒன்றும் பேசாமல் கல் தச்சரிடம் எடுத்துச் சென்றார்.