வாடகைக்குப் போகும் விடுமுறை

சிங்கப்பூர்க் குடும்பங்களின் ஊர்ப்பயணத்தைத் தீர்மானிப்பது கல்வி அமைச்சின் நாட்காட்டிதான். ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பாதியிலிருந்து ஆண்டு முடிவுவரை ஆறு வாரம். பாட்டி வீடு, குலதெய்வக் கோயில், கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானலில் நாலு நாள் எல்லாமே இந்த இரண்டு இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காத ஆண்டில் மிஞ்சிப்போவது, ஆண்டுதோறும் விடுமுறை விடுதியில் தங்க முன்கூட்டியே வாங்கிவைத்த டைம்ஷேர் நாள்களும் பாயிண்டுகளும். சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996-இல் வந்த கிளப் மகிந்திரா போன்ற டைம்ஷேர் கிளப்புகளில் ஊரில் இருந்தபோதே சேர்ந்துவிட்டுப் பிறகு வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் உண்டு. கிளப் மகிந்திராவின் பழைய திட்டம் 25 ஆண்டுக்கானது. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுச் சந்தாவைக் கட்டித்தான் ஆக வேண்டும். போக முடியாத ஆண்டில் அந்த அறையை வேறொரு குடும்பத்துக்கு விட்டுச் சந்தாப் பணத்தையாவது எடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலின் அமைப்பே கோளாறானது. நல்லவரும் நல்லவரும் செய்துகொண்டாலும் யாராவது ஒருவர் கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எழுத்தில் ஓர் ஒப்பந்தமும், பணத்தைத் தவணையாகப் பிரிக்கும் முறையும் இருந்தால் அந்தக் கோளாற்றின் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம் என்பது என் கட்சி.

கிளப்புக்கும் உறுப்பினருக்கும் இடையே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. உறுப்பினருக்கும் காசு கொடுத்துத் தங்கப்போகிறவருக்கும் இடையே ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் நாலு வரி. தங்கப்போகிறவருக்கும் கிளப்புக்கும் இடையே எதுவுமே இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் சேராத மூன்றாம் ஆள் அதை வைத்து வழக்குப் போடுவது சில விதிவிலக்குகள் தவிர முடியாது. சிங்கப்பூரில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மூன்றாம் தரப்பினருக்குக் கொஞ்சம் வழிவிடுகிறது என்றாலும், ஒப்பந்தம் அவருக்குப் பலன் தருவதாக இருக்க வேண்டும். அந்த வழியை ஒரே வரியில் அடைத்துவிடவும் ஒப்பந்தம் எழுதுகிறவரால் முடியும். ஆக, விருந்தாளியின் கையில் இருப்பது உறுப்பினரின் வாக்கு மட்டும். பணம் வாங்கிய பிறகும் உறுப்பினரால் தன் கைப்பேசியிலிருந்தே புக்கிங்கை ரத்துசெய்ய முடியும். குடும்பத்தோடு மலையேறிப் போனவர் வரவேற்பு மேசையில் விழித்துக்கொண்டு நிற்பார். மறுபக்கம், உள்ளே போன விருந்தாளி டிவியை உடைத்தாலும், சாப்பாட்டுக் கணக்கை அடைக்காமல் கிளம்பினாலும் கிளப் தேடிவரும் பெயர் உறுப்பினருடையது. காசு கைமாறிய பிறகும் இருவரிடமும் மற்றவரைக் கெடுக்கும் வலு மிஞ்சியிருக்கிறது.

பணம் போகும் வேகம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 2017-இல் சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்று முறையான பேநவ் வந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று அதை இந்தியாவின் யுபிஐயோடு இணைத்தார்கள். தேக்காவில் நின்றபடி தேனிக்குப் பணம் அனுப்பலாம், சில நொடிகளில் சேர்ந்துவிடும். சேர்ந்த பணம் திரும்பி வராது என்பதுதான் சங்கடம். சிங்கப்பூர்க் காவல்துறையின் கணக்கில் 2023-இல் 46,563 மோசடிச் சம்பவங்கள், இழப்பு 651.8 மில்லியன் வெள்ளி. 2024-இல் சம்பவங்கள் 51,501, இழப்பு 1.1 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. வங்கியும் தொலைபேசி நிறுவனமும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்ற விதிமுறை 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது என்று ஆறுதல் அடைகிறவர்கள் அதன் எல்லையைப் பார்க்க வேண்டும். போலி இணையத்தளத்தில் கடவுச்சொல்லைத் திருடிப் பணத்தை எடுத்தால்தான் அது பொருந்தும். நாமே விரும்பி, நாமே எண்ணைத் தட்டி அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது. அறை வாடகை இந்த இரண்டாம் வகை. பணம் வாங்குகிறவருக்கும் இதே கவலை வேறு உருவில் உண்டு. பேபால் வழியாகவோ கடன் அட்டையிலோ வாங்கினால், தங்கிவிட்டுப் போனவர் பிறகு தகராறு எழுப்பிப் பணத்தை நிறுத்திவைக்கலாம். பேபாலில் அதற்கு 180 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் அறையும் முடிந்திருக்கும், பாயிண்டும் தீர்ந்திருக்கும்.

டைம்ஷேர் வாங்குகிறவரைச் சிங்கப்பூர்ச் சட்டம் நன்றாகவே காக்கிறது. நியாய வணிகச் சட்டத்தின் கீழ், டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் வணிகரிடம் வாங்குகிறவருக்காக எழுதப்பட்டது. பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு தனிமனிதர் தன் ஒரு வாரத்தை இன்னொரு தனிமனிதருக்கு விடும்போது அது எட்டிப்பார்ப்பதில்லை. பயனீட்டாளர் சங்கமும் வணிகருக்கு எதிரான புகாரைத்தான் எடுக்கும். சிராங்கூன் சாலையில் உரிமம் பெற்ற பயண முகவரிடம் அறை வாங்கினால் சட்டையைப் பிடிக்க ஒரு கடையாவது இருக்கிறது. பாயிண்ட் வாடகையில் அந்தக் கடையும் இல்லை.

நம்மவர்கள் இதற்குச் சொல்லும் முதல் மறுப்பை நான் மதிக்கிறேன். தெரிந்தவர், ஒரே ஊர்க்காரர், கோயிலில் பார்ப்பவர். அவரிடம் காகிதத்தை நீட்டினால் அவமானப்படுத்துவது ஆகாதா? நம் சமூகம் இங்கே வேரூன்றியதே அந்த நம்பிக்கையால்தான்; கைமாற்றும் சீட்டும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் முதல் வருடத்தைக் கடந்திருக்காது. இருந்தாலும் நம்பிக்கை எதைக் காக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். வேண்டுமென்று ஏமாற்றுவதைத் தடுக்கும். மழையில் பாதை சரிந்தால் யார் நஷ்டம் ஏற்பது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. இருவருமே நேர்மையாக, இருவருமே வெவ்வேறாக நினைத்திருந்த இடத்தில்தான் உறவு முறிகிறது. காகிதம் அங்கே நட்பைக் காக்கிறது.

இரண்டாவது மறுப்பு, நடுவில் ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்பது. டிஸ்னியின் டைம்ஷேர் பாயிண்டுகளுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படிப்பட்ட இடைத்தரகு நிறுவனங்கள் இயங்குகின்றன. உறுப்பினருக்கு ஒரு பகுதியை முன்னாலும் மீதியைப் பின்னாலும் கொடுப்பது அவர்களில் சிலருடைய வழக்கம். முறையாக நடக்கும் நிறுவனம் என்றால் நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் அண்ணனிடம் மொத்தப் பணத்தையும் கொடுத்து வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பணம் நடுவர் கையில் தங்குவதன் ஆபத்தை இந்த ஊர் அனுபவித்து அறிந்திருக்கிறது. 1970-களின் முற்பகுதியில் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான சிறு சேமிப்பாளர்களின் பணம் சிக்கிக்கொண்டது. இன்றைய விதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: வீவக வீட்டை வாடகைக்கு விடும்போது சொத்து முகவர் வாடகையையோ டெபாசிட்டையோ தன் கையால் தொடக்கூடாது. உரிமமும் பதிவு எண்ணும் உள்ள முகவருக்கே இந்தத் தடை. உரிமமே இல்லாதவரிடம் நாம் ஏன் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும்?

வலு இருவரிடமும் இருப்பதால் பணமும் இரண்டு மூன்று கட்டமாக நகர்வதுதான் நியாயம். வாடகை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விருந்தாளியின் பெயரில் புக்கிங் உறுதியாகி, அவர் தாமாகவே ரிசார்ட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து எண்ணைச் சரிபார்த்த பிறகு முதல் பகுதி போகட்டும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளியும் வேண்டாம். ரத்துசெய்தால் கிளப் பாயிண்டைப் பிடித்துக்கொள்ளும் கெடு ஒன்று இருக்கும்; பெரும்பகுதி அந்தக் கெடுவுக்கு முந்தைய நாள் கைமாறலாம், அதற்குமேல் உறுப்பினருக்கும் ரத்துசெய்வதில் லாபமில்லை. சிறு பகுதி ஒன்று சாவி வாங்கிய அன்று போகட்டும். பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பெயர்களில் முன்னெழுத்து படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. புக்கிங்கில் ஒரு முன்னெழுத்தும் பெயரும் இருக்கும். இந்தியக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டில் 'எஸ்/ஓ' போட்டு வேறு வரிசையில் வரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால் இந்திய விடுதிகள் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். எனவே கடவுச்சீட்டில் உள்ள எழுத்துவரிசை அப்படியே புக்கிங்கில் இருப்பது முக்கியம். பெயர் பொருந்தவில்லை என்று இரவு பத்து மணிக்கு வரவேற்பில் நிறுத்தினால், உறுப்பினர் சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே மணி பன்னிரண்டரை.

ரத்து பற்றிய வரியைத்தான் நான் மிக நீளமாக எழுதச் சொல்வேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த ஆண்டு நம் ஜூன் விடுமுறை அந்தக் காலத்துக்குள்ளேயே விழுந்தது. பாஸ் கிடைக்காமல் குடும்பம் போகவில்லை என்றால் யாருடைய நஷ்டம்? அறை தயாராக இருந்தது என்பார் உறுப்பினர். மலைக்கே போக முடியாதவனுக்கு அறை எதற்கு என்பார் விருந்தாளி. இரண்டும் நியாயமாகத்தான் தோன்றுகின்றன. என் தீர்ப்பு, பாஸ் எடுப்பது பயணிப்பவரின் பொறுப்பு. அரசுப் பேருந்துக்குப் பாஸ் தேவையில்லை என்பதால் வழி அடியோடு அடைபடவில்லை. ஆனால் அரசே ஊரை மூடினால், ரிசார்ட்டே அறையைத் தராவிட்டால், கிளப் திருப்பித் தரும் பாயிண்டைப் பொறுத்து உறுப்பினர் பணத்தைத் திருப்ப வேண்டும். நீங்கள் வேறு விதமாகவும் எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் விடுவதுதான் கூடாது. ரசீதும் அதோடு சேரட்டும். அது இல்லாமல் பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டவே முடியாது.

சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதில் உறுப்பினர்தான் முதலில் மாட்டுவார். 2018 ஏப்ரலில் தனியார் அடுக்குமாடி வீடுகளை ஏர்பிஎன்பி வழியாகக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தது. தண்டனை விழுந்தது விட்டவர்கள் மேல். சட்டம் வேறு, விஷயம் வேறு என்றாலும் இரண்டிலும் பொறுப்பு விட்டவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அதனால் ஒரு சேத டெபாசிட், அதைத் திருப்ப ஒரு தேதி, உள்ளே போனதும் விருந்தாளி அறையைப் படமெடுத்து அனுப்புவது, சாப்பாட்டுச் செலவை அறைக் கணக்கில் ஏற்றாமல் அவ்வப்போது அடைப்பது ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நீச்சல்குளத்தில் நேரும் விபத்து போன்றவற்றை இருவரின் காகிதத்தால் தீர்க்க முடியாது. இடத்தை நடத்துகிறவருக்கு அதில் பொறுப்பு உண்டு. 'குழந்தைகளுக்குக் கவலையே வேண்டாம்' என்று அறியாமல் வாக்குக் கொடுத்துத் தன் தலையில் அதை ஏற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஆயிரம் வெள்ளிக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்கலாம். தொகை சிறிதாக இருப்பதால்தான் காகிதம் வேண்டும். வக்கீல் வைத்துப் போராட அது கட்டுபடியாகாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு இடமில்லை, 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இருவரும் ஒப்பினால் 30,000. தனிமனிதர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே கையில் எதையாவது காட்ட வேண்டும், எதிராளியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உறுப்பினர் அம்பத்தூரில் இருந்தால் ஹேவ்லாக் ஸ்குவேர் நீதிமன்றக் கட்டடத்தால் பெரிய பயனில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. கிளப்பின் விதியே வாடகையைத் தடுக்கிறது என்றால், எழுதும் ஒப்பந்தம் நமக்கு எதிரான சாட்சி ஆகாதா? ஆகும். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. விதிகள் கிளப்புக்குக் கிளப் மாறுகின்றன. டிஸ்னி, உறுப்பினர் தன் பாயிண்டை வாடகைக்கு விட இடம் தருகிறது, வியாபாரமாகச் செய்வதை மறுக்கிறது. விருந்தாளியை அனுப்ப அனுமதித்து, காசு வாங்குவதை மட்டும் தடுக்கும் விதிகளும் உண்டு. கிளப்புகளுக்கிடையே மாற்றிக்கொண்ட வாரத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். மீறினால் புக்கிங் ரத்தாகும், உறுப்பினர் உரிமையே முடங்கலாம், அப்போது நடுவழியில் நிற்பது ஒரு பாவமும் அறியாத அந்தக் குடும்பம். ஆகவே விளம்பரம் போடும் முன்பே உறுப்பினர் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, காசு வாங்கிக்கொண்டு விருந்தாளியை அனுப்பலாமா என்று நேராகக் கேட்டு, வந்த பதிலை விருந்தாளிக்கும் அனுப்பிவைக்க வேண்டும். கூடாது என்று பதில் வந்தால் அந்த வாரத்தைத் தங்கைக்கோ மச்சானுக்கோ சும்மா கொடுத்துவிடலாம். சந்தா அந்த ஆண்டு போனது போனதுதான்.