கூடுமா என்று கேட்ட பிக்கப் ஓட்டுநர்



நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் சிலருடைய தகப்பனார்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் ஓட்டுநர்கள். அவர்களில் ஒரு சகோதரர் சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். வண்டி டீசலை அதிகம் குடிக்கிறது. நியூட்ரலில் விட்டால் உருளாமல் நின்றுவிடுகிறது. கவரைப்பேட்டையைத் தாண்டும்போது கருகல் நாற்றம் வீசுகிறது. முன் இடது சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் குழாயை அடைத்துவிட்டால் செலவே இல்லை என்று ஒருவர் யோசனை கூறியிருந்தாராம்.

"ஹஜ்ரத், அப்படிச் செய்வது கூடுமா?"

கூடாது என்றோம். ஒரு முன்சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அப்பக்கமே இழுக்கும். இங்கு அது வலப்பக்கம். கன்டெய்னர் லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலை 16இல், ஒரு டன் சரக்குடன் அவ்வாறு இழுத்தால் ஆபத்து அவருக்கு மட்டுமன்று. பிறர் உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்தும் பணம் நமக்கு ஹலாலான இலாபமாகத் தோன்றவில்லை.

அஸருக்கு முன் அவருடனேயே பட்டறைக்குச் சென்றோம். மெக்கானிக் முதலில் எதையும் கழற்றவில்லை. சிறிது தூரம் ஓட்டிவந்து, தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டினார். முன் இடது சக்கரம் மட்டும் அனல் கக்கியது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். கையால் சுற்றினால் சக்கரம் அசையவில்லை. காலிப்பரின் நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் பீறிட்டது. சக்கரம் இலகுவாகச் சுழன்றது. ஆகவே பிஸ்டன் துருவேறி இறுகவில்லை, உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. (பழவேற்காட்டு உப்புக்காற்று வீசும் பகுதியல்லவா, துருவைத்தான் நாம் முதலில் சந்தேகித்தோம்.)

நிப்பிளை இறுக்கி, பெடலை மிதித்து மீண்டும் சிக்கவைத்தார். இம்முறை ரப்பர் ஹோசுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. அங்கே விட்டிருந்தால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருந்திருக்கும். விடாததால் குற்றவாளி ஹோஸ்தான். அதன் உட்புற ரப்பர் ஊதிவிட்டால், கால் மிதிக்கும் வலிமையில் ஆயில் உள்ளே போகும். திரும்பி வர அதற்கு அவ்வளவு வலிமை இல்லை. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோல் இருந்தது.

இரு முன்சக்கரங்களுக்கும் ஹோசும், கருகிய பேடுகளும் மாற்றப்பட்டன. காலிப்பர் பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத கிரீஸ் இடப்பட்டது. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பழைய பிரேக் ஆயிலும் முழுதாக வெளியேற்றப்பட்டது. அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். பிடித்தபடியே ஓடும் சக்கரத்தில் அந்தச் சூடு எளிதில் வரும். அப்போது பெடல் பஞ்சுபோல் இறங்கிவிடும்.

ஆன செலவு அவருடைய ஒரு நாள் வாடகையைவிடச் சற்று அதிகம். மறுநாள் எளாவூர் வரை சரக்குடன் போய்வந்து, இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சூட்டில் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.