அரக்கன் காத்திருப்பான்

அலுவலகம், பிள்ளையின் வீட்டுப்பாடம், சமையல், பாத்திரம் எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். அதுவும் நடுநடுவே அறுபடும். அந்த நேரத்தை ‘புரோக்’ விளையாட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். பாதாளக் குகைக்குள் தளம் தளமாக இறங்கி, 26ஆம் தளத்தில் இருக்கும் யெண்டோர் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர வேண்டும். செத்தால் முதலிலிருந்துதான், அப்போது குகையும் வேறாகியிருக்கும்.

1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் உருவாக்கிய ‘ரோக்’ விளையாட்டின் வழிவந்தது இது. 2009இல் பிரையன் வாக்கர் இலவசமாகவே வெளியிட்டார்.

எதிரிகளைக் கொன்று கொன்று பலம் சேர்க்கச் சொல்லும் விளையாட்டுகள் ஏராளம். அவற்றில் நேரம் உள்ளவன்தான் வீரன். புரோக்கில் எத்தனை பேரைக் கொன்றாலும் பலம் ஒரு துளியும் கூடாது. வழியில் கண்டெடுக்கும் பொருள்களிலிருந்துதான் அது வரும். வலுவேற்றும் சுருள்கள் அளவாகவே கிடைக்கும். அவற்றைக் கவசத்துக்குச் செலவிடுவதா, மந்திரக்கோலுக்கா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. சண்டையைத் தவிர்த்து ஓடுவதும் இங்கே நல்ல ஆட்டம். ஒரு விசையை அழுத்தினால் பார்க்காத இடங்களை வீரன் தானே சுற்றிவருவான். வேலைக்குப் போகிறவரின் மாலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த விளையாட்டும் தந்து நான் பார்த்ததில்லை.

நான் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். ஒருநாள் கோப்ளின் கூட்டம் ஒன்று எதிரே வந்து நின்ற வேளையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனேன். பருப்பைக் கடையும்போதும் மனம் குகைக்குள்தான் இருந்தது. வாசற்படிக்குப் பின்வாங்கினால் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். ஆனால் வில்லாளி பின்னால் நின்றே எய்வான், மந்திரக்காரன் மற்றவர்களுக்குக் காப்பிடுவான். பையில் இன்னதென்று தெரியாத குப்பி ஒரே வகையில் மூன்று இருக்கின்றன. குடித்துப் பார்ப்பதா, அவர்கள்மேல் வீசுவதா? சாப்பாடு பரிமாறி முடிப்பதற்குள், வீசுவது என்று முடிவாகியிருந்தது. குப்பி உடைந்து தீப்பற்றியது. கூட்டம் எரிந்தது. திரைமுன் உட்கார்ந்த நேரம் என்னவோ கொஞ்சம்தான். ஆனால் அந்த மாலை முழுவதும் நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

நீண்ட கதை கொண்ட விளையாட்டுகளுக்கு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், யார் எவர் என்பதே மறந்துபோயிருக்கும். இங்கே வீரன் செத்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. அதனால் மாதக் கடைசியில் வேலை குவியும்போது புரோக்கைத் திறக்காமலே இருந்துவிட முடிகிறது. தூக்கக் கலக்கத்தில் மட்டும் ஆடுவதில்லை. யோசிப்பதற்கு முன் விரல் ஓடிவிடும்; ஓடியதைத் திரும்பப் பெற வழியில்லை.

இப்போது ஒரு தளத்தில் சங்கிலியால் கட்டுண்ட ஓகர் அரக்கன் ஒருவன் இருக்கிறான். சுற்றிலும் அவனைச் சிறைபிடித்த கோப்ளின்கள். அவர்களை வென்று அவனை அவிழ்த்துவிட்டால் கூடவே வந்து எனக்காகப் போரிடுவான். கையில் எதிரிகளைத் தங்களுக்குள்ளேயே மோதவிடும் சுருள் ஒன்று இருந்தால் போதும். மேல்தளத்தில் திறக்காமல் விட்டுவந்த அறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.