அடிமை என்கிற சொல்

‘குடிக்கு அடிமை’, ‘சீட்டுக்கு அடிமை’, ‘செல்போனுக்கு அடிமை’. விட நினைத்தும் விட முடியாத பழக்கத்துக்குத் தமிழில் எல்லோரும் சொல்வது இதுதான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. வாயில் வருகிறது, சொல்கிறார்கள்.

எங்க சனங்களுக்கு இந்தச் சொல் உவமை இல்லை. ஆளை விற்றார்கள், வாங்கினார்கள், நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றினார்கள். 1843-லேயே அடிமை முறைக்கு எதிராக வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அதற்கு நூறு வருஷம் கழித்தும் கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்.

அந்த அடிமைக்கு ஒரு ஆண்டை இருந்தான். குடிக்கு அடிமை என்றால் ஆண்டை யார்? பாட்டிலா? 2003-லிருந்து தமிழ்நாட்டில் சாராயக் கடையை நடத்துவது அரசாங்கத்தின் டாஸ்மாக். விற்கிறவருக்குப் பட்டம் எதுவும் இல்லை. குடிக்கிறவன் மட்டும் அடிமை.

நாள்பட்டுக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பே வரும். உயிரும் போகலாம். இது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். ‘குடிநோயாளி’ என்று ஒரு சொல்லும் இருக்கிறது. ஆனால் அது எங்க தெரு வரைக்கும் வருவதில்லை. ஊர்த்தெருவில் ஒருத்தர் குடித்தால், “பாவம், என்ன மனக்கஷ்டமோ.” எங்க ஆளு குடித்தால், “அவனுக புத்தியே அப்படித்தான்.” நோயாளி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தோன்றும். அடிமை என்றால் ஒதுங்கிப்போகத்தான் தோன்றும். அவன் பொண்டாட்டி ஒருத்திதான் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கிறாள்.

விட முடியாத பழக்கம் ஊர்த்தெருவிலும் இருக்கிறது. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தண்டனைச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு எத்தனையோ டீக்கடைகளில் எங்களுக்குத் தனி டம்ளர்தான். அதிகாரி வந்தால் ஒளிக்கிறார்கள், போனதும் எடுத்து வைக்கிறார்கள். குடிகாரன் பாட்டிலை ஒளிப்பது மாதிரியேதான். இதற்கு மட்டும் பேர் ‘ஊர் வழக்கம்’.

அவர்களைச் ‘சாதிக்கு அடிமை’ என்று சொல்லலாமா? கூடாது. குடிக்கிறவன் உடம்பு அழிகிறது, வீடு அழிகிறது. தனி டம்ளர் வைப்பவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, மரியாதைதான் கூடுகிறது. அவர்களுக்கு அது விட முடியாத பழக்கம் இல்லை, விட மனசில்லாத பழக்கம். அடிமை என்று சொன்னால் அவர்கள் மேல் இரக்கம்தான் வரும்.

அதனால் நம்ம கூட்டத்திலும் துண்டறிக்கையிலும் இனி இப்படிச் சொல்லுவோம். குடித்து விழுந்து கிடப்பவன் நோயாளி. தனி டம்ளர் குற்றம். அடிமை என்கிற சொல் எங்க பாட்டன் பூட்டனுக்கு நடந்ததைச் சொல்வதற்கு வேணும்.