பிறவிக் காயம்

ஞானோபதேச வகுப்பில் ஜென்மப் பாவம் பற்றிய பாடம் வரும் நாளில், பின்வரிசையிலிருந்து ஒரு கை உயராமல் இருந்ததில்லை. “நேற்றுப் பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது?” நான் கற்பித்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு வந்தது. நியாயமான கேள்விதான். கேட்ட பிள்ளையை அதட்டி உட்கார வைப்பது ஆசிரியருக்கு அழகல்ல. ஆதிப் பெற்றோரான ஆதாம் ஏவாளின் கதையை இன்னொரு முறை ஒப்பித்துவிட்டால் அது பதிலும் ஆகாது. வயது ஏற ஏற எனக்குத் தெளிந்ததை, பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உங்களுக்குச் சொல்கிறேன்.

மேற்குத் திருச்சபையில் இந்தப் போதனைக்கு உருவம் கொடுத்தவர் புனித அகுஸ்தீனார். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகஸ்தே என்ற ஊரில் 354-இல் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பு நின்று வீட்டில் இருந்தார். கார்த்தேஜ் நகருக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தந்தை பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த ஆண்டில், ஓர் இரவு, கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்தில் இருந்த பேரிக்காய் மரத்தை உலுக்கி, விழுந்ததையெல்லாம் அள்ளி வந்தார். பசி கிடையாது. அதைவிட நல்ல காய்கள் அவர் வீட்டிலேயே இருந்தன. ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, மற்றதைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள்.

ஆயரான பிறகு, ‘ஒப்புதல்கள்’ நூலை எழுதும்போது, இந்த அற்பத் திருட்டின் முன் அவர் வெகுநேரம் நிற்கிறார். இளமையில் இதைவிடப் பெரிய தவறுகள் அவருக்கு உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் ஆசை என்ற காரணம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. கூடாது என்பதே இதில் ருசியாக இருந்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். திருடிய பொருளை எடைபோட்டவர்கள் பலர்; திருடும்போது உள்ளே ஊறிய மகிழ்ச்சியை எடைபோட்டவர் அவர்.

அதே நூலில் ஒரு கைக்குழந்தையும் வருகிறது. இன்னும் பேச்சு வராத குழந்தை. தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுக்க முறைத்துப் பார்க்கிறது. தம்பி பிறந்த வீட்டில் இதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நேற்றுவரை சாதுவாக இருந்த மூத்தது, தொட்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும். யாரும் பார்க்காத நேரத்தில் பிஞ்சுக் காலைக் கிள்ளிவிட்டு ஒன்றும் அறியாததுபோல நிற்கும். அந்தப் பிள்ளை குற்றவாளி அல்ல. ஆனால் அந்தக் கிள்ளலை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பின்வரிசைக் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

அகுஸ்தீனாரை எதிர்த்து நின்றவர் பெலாஜியுஸ். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவி, ஒழுக்கத்தில் கறாரானவர். பேருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்துகொண்டு, பலவீனத்தைச் சாக்குச் சொல்லி வாழ்ந்தவர்களைக் கண்டு அவர் மனம் வெந்தார். கடவுள் ஒன்றைக் கட்டளையிட்டால், அதைச் செய்யும் ஆற்றலையும் மனிதனுக்குக் கொடுத்தே இருப்பார் என்பது அவர் வாதம். ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி காட்டினார், அவ்வளவே. துறவு வாழ்வை மேற்கொண்ட தெமெத்ரியாஸ் என்ற உயர்குடி இளம்பெண்ணுக்கு 413 வாக்கில் அவர் எழுதிய நீண்ட மடல் இன்றும் கிடைக்கிறது. அறிவுரைக்கு முன் மனித இயல்பு எவ்வளவு செய்யவல்லது என்பதைத்தான் அதில் எடுத்துச் சொல்கிறார். அவரைக் கெட்டவராக்கிப் பேச எனக்கு மனம் வராது. அவர் கொள்கையை 418-இல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. 431-இல் எபேசு பொதுச்சங்கமும் தள்ளியது.

ஏன் தள்ள வேண்டியிருந்தது என்பதைப் புத்தகத்தைவிட எங்கள் பங்கில் இருந்த ஒருவர்தான் எனக்கு விளக்கினார். குடிப்பவர். தவக்காலம் வந்தால் பீடத்தின் முன் சத்தியம் செய்வார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து சில நாளில் மறுபடி விழுவார். “மனசு வச்சா முடியாதா?” என்று அவரைக் கேட்காதவர் இல்லை. மனசு வைத்துத்தான் அவர் ஒவ்வொரு முறையும் தோற்றார். நிற்பவனுக்கு அந்தக் கேள்வி ஊக்கம். விழுந்தவனுக்கு அது இரண்டாம் அடி. பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த இயக்கத்தின் முதல் படியே, குடியின் முன் நான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்வதுதான். தன் பலத்தைப் பற்றிப் பேசுவதை விட்ட பிறகுதான் அவருக்குக் கால் ஊன்றியது. அதுவும் ஒரே நாளில் அல்ல. விழுந்து, எழுந்து, கூட்டத்துக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்கில்.

அகுஸ்தீனார் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, அது மிக மென்மையானதாகவே இருந்தாலும், என்று அவர் கருதினார். தர்க்கம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தத் தர்க்கத்தின் நிழல் எங்கள் கல்லறைத் தோட்டம் வரை விழுந்தது. ஞானஸ்நானம் பெறாத சிசுக்களை அந்தக் காலத்தில் மந்திரித்த மண்ணில் புதைப்பதில்லை. சுவருக்கு வெளியே புதைப்பார்கள். சகல ஆத்துமாக்கள் திருநாளில், எல்லாரும் உள்ளே மெழுகுதிரி ஏற்றும்போது, ஒரு மூதாட்டி மட்டும் சுவரின் மறுபக்கம் போய் நிற்பார். அவர் கையில் இருந்த திரியும் பங்குச் சாமியாரின் கையால் மந்திரிக்கப்பட்டதுதான். அத்தகைய குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என நம்புவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-இல் அறிக்கை வெளியிட்டது. அந்தத் தாய்க்கு அது முன்பே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு போதனை அன்பை விட்டு விலகும் இடத்தில், நாம் போதனையைத்தான் மறுபடி படிக்கவேண்டும்.

அப்படி மறுபடி படித்தவர்களும் இருந்தார்கள். கீழைத் திருச்சபையினர், ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் சீர்குலைவும்தான், அவருடைய குற்றம் அல்ல என்கிறார்கள். லூத்தரும் கால்வினும் மனிதனின் எந்தப் பகுதியும் கறைபடாமல் தப்பவில்லை என்று அழுத்தினார்கள். திரெந்து பொதுச்சங்கம் 1546-இல் இதை விரிவாகப் பேசியது. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இது நாம் செய்த பாவம் அல்ல, நமக்கு வந்து சேர்ந்த நிலை என்கிறது; மனித இயல்பு காயப்பட்டிருக்கிறது, முற்றாகக் கெட்டுவிடவில்லை என்கிறது. கடலோர ஊர்களில் கிணறு உப்பேறுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று பிறந்த பிள்ளை அதில் உப்புப் போடவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வளர்கிறது.

குடித்து வளர்ந்த தண்ணீர் உப்பு என்றே ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். ஜான் நியூட்டன் கதை அதுதான். 1725-இல் லண்டனில் பிறந்த மாலுமி. 1748-இல் அட்லாண்டிக் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளைக் கூப்பிட்டார். அந்த நாளையே தன் மனமாற்றத்தின் தொடக்கமாக ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்தார். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார்! ஞாயிறுதோறும் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். அவர் வேடதாரி அல்ல, உண்மையாகவே ஜெபித்தார். அதுதான் இதில் நடுக்கம் தரும் செய்தி. 1754-இல் அவர் கடலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான், மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல.

குருவானார். ‘அமேசிங் கிரேஸ்’ என்று இன்று உலகம் பாடும் பாடலை 1772-இன் இறுதியில் எழுதினார். அப்போதும் அந்த வணிகத்தைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கவில்லை. கிருபையைப் பாடியவரின் கண்ணைக் கிருபை அவசரப்படாமல் திறந்துகொண்டிருந்தது. கப்பலை விட்டு 34 ஆண்டுகள் கழித்து, 1788-இல், தான் கண்டதையும் செய்ததையும் ஒளிக்காமல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அந்த வணிகத்தை விசாரித்த அவைகளின் முன் போய்ச் சாட்சியும் சொன்னார். அதைத் தடைசெய்யும் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் இளைஞராக ஆலோசனை கேட்டு வந்தபோது, அரசியலை விட்டுவிடாதே என்று அனுப்பிவைத்தவரும் இவரே. 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அப்போது நியூட்டனுக்கு 81 வயது; பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார்.