கொல்லிமலையில் ஒரு வேளைச் சோறு

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்தை விட்டதும் பேருந்து மூச்சிரைக்கத் தொடங்குகிறது. சோளக்காட்டை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்க, குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டு வருவார்கள். முப்பதைத் தாண்டியதும் பலர் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சன்னல் கம்பியைப் பற்றிக்கொள்வார்கள். ஆகவே குடும்பத்தோடு புறப்படும் வாசகர்கள் அடிவாரத்தில் வயிறு புடைக்க உண்ணாதிருப்பது நலம். மேலே சென்றதும் குளிர்ந்த காற்று தானாகவே பசியைக் கிளப்பிவிடும். அந்தப் பசிக்கு மலை என்ன தருகிறது என்பதைப் பற்றியே இங்கே எழுத விழைகிறோம்.

உணவுக்காக விற்பதும் வாங்குவதும் கொல்லிமலைக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 100ஆம் பாடலில் கபிலர், வல்வில் ஓரியின் கொல்லிமலையைக் கூறுமிடத்தில், காந்தளை வேலியாகக் கொண்ட சிற்றூரார் பசி வந்துற்றபோது யானைத் தந்தத்தை விற்று உண்டதைக் குறிப்பிடுகிறார். அதே பாடலில் அருவி நீர் பாயும் நிலத்தில் அவர்கள் மலைநெல் விதைத்ததும் வருகிறது. இன்று சோளக்காட்டுச் சந்தையில் அவர்களுடைய பலாவும் மலைவாழையும் அன்னாசியும் மிளகும் விலையாகின்றன.

சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் அறப்பளீசுவரர் கோயிலருகிலும் நாம் கண்ட உண்டிச்சாலைகளில் பெரும்பாலானவை குடும்பத்தார் நடத்தும் சிறு கடைகள். கணவர் கல்லாவில், மனைவி அடுப்பில், பள்ளி விடுமுறையானால் பிள்ளைகள் இலை போடுவதில். தகரக் கூரை, நீண்ட பலகை, தண்ணீர்ச் செம்பு. இட்லி, பரோட்டா, பிரியாணி, முட்டைப் பொரியல் என்று கீழ்நாட்டுக் கடைகளில் கிடைப்பவையே இங்கும் கிடைக்கும். காப்பி விளையும் மலைதான். ஆயினும் நாம் நுழைந்த மூன்று கடைகளிலும் தேநீரே தந்தார்கள்!

மலைக்கே உரியதென்று சொல்லத்தக்கது முடவாட்டுக்கால் சூப்பு. பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிற ரோமம் அடர்ந்து, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, சிறு துண்டுகளாக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மீண்டும் ஏறி வந்தவர்க்கு அந்தச் சூடான குவளை அமிர்தம். மூட்டுவலி தீரும் என்று கடைக்காரர் உறுதி கூறுவார். படியேறிய வலி சற்றே தணிந்தது என்பதற்கு மட்டும் நாம் சாட்சி! கிழங்கை வாங்கிப் பையில் நிரப்பிச் செல்வோரும் உண்டு. பாறையிலிருந்து பெயர்த்தது மீண்டும் வளரக் காலம் வேண்டுமே என்ற கவலை நமக்கு எழாமலில்லை.

கோயிலுக்குச் செல்லும் வழியிலிருந்த ஒரு கடையில் நண்பகல் உணவுக்கு அமர்ந்தோம். சாமைச் சோறு கிடைக்குமா என்று வினவினோம். கடைக்கார அம்மாள் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில சொல்லிட்டுப் போயிருந்தா ஆக்கி வெச்சிருப்பனுங்க. யாருங்க இப்ப அதைக் கேக்கறாங்க? வர்றவங்க எல்லாம் பரோட்டா இருக்கா, பிரியாணி இருக்கான்னுதான் கேக்கறாங்க."

"உங்கள் வீட்டில் சமைப்பதுண்டா, அம்மா?"

"எங்க மாமியா இருந்தவரைக்கும் தெனமும் அதானுங்க. இப்பப் பொங்கலுக்கு ஒரு நாள்."

அரிசிச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வந்தன. குழம்பில் மலை மிளகின் காரம் நாவில் நின்றது. குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் அம்மாளின் விடை நம்மை விடவில்லை.

இம்மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. இவர்கள் தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் மரபைக் கூறுவோர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே தலைமுறை தலைமுறையாக இவர்களுக்குச் சோறும் களியுமாயின. சாமையில் மட்டும் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை எனப் பல வகைகள். பின்னர் மரவள்ளி வந்தது. சேலத்துச் சவ்வரிசி ஆலைகள் கிழங்கை விலை கொடுத்து வாங்கின. கையில் ரொக்கம் புரண்டது. சாமைக் கொல்லைகள் சுருங்கின. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசியும் இலவசமாயிற்று. வெளியிலிருந்து வந்து நின்று, பழமையைக் கைவிட்டீர்களே என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சாமை பணம் தந்ததா?

உழைப்பின் கணக்கும் ஒன்று உண்டு. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டியதை எடுப்பதற்குள் பெண்களின் தோள் ஓய்ந்துவிடும். மருமகள்மார் சாமையைக் கைவிட்டதில் வியப்பில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990கள் முதல் இங்கு வந்து பணியாற்றியபோது, விதைகளைக் காப்பதோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் அமைக்க உதவினார்கள். அதன் பிறகே சாமை அரிசியைப் பொட்டலமிட்டு விற்கவும் வழி பிறந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், நகரத்துக் கடைகளில் சாமையின் மதிப்பு உயர்ந்ததும் வாசகர்கள் அறிந்ததே. நகரில் தேடி வாங்கும் பொருளை, விளையும் மலைக்கு வந்தபின் ஒருவரும் கேட்பதில்லை!

விருந்தினரின் நடத்தையைப் பற்றியும் ஒரு சொல். நாம் உண்டுகொண்டிருக்கையில் வேனில் வந்திறங்கிய பன்னிரண்டு பேர், ஐந்து நிமிடத்தில் சோறு வேண்டுமென்றனர். அரிசி இனித்தான் உலையிலிட வேண்டும் என்று கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுக்காக அவசரமாக நறுக்கிய வெங்காயம் முறத்தில் கிடந்தது. வண்டியில் மதுப்புட்டிகளை ஏற்றி வந்து, கடையில் தொட்டுக்கொள்ள மட்டும் வாங்குவோர் வேறு. அத்தகையோர் அமர்ந்த பலகையில், குழந்தைகளோடு வருவோர் அமரத் தயங்குகிறார்கள். இழப்பு அந்த அம்மாளுக்கே.

எனவே செல்வோர் செய்ய வேண்டியது எளிது. அருவிக்கு இறங்குமுன் கடையில் நின்று, இத்தனை பேர், இன்னது வேண்டும் என்று சொல்லி, சிறு தொகை முன்பணமும் கொடுத்துவிட வேண்டும். படியிறங்கிக் குளித்து ஏறி வருவதற்குள் உணவு ஆயத்தமாக இருக்கும். ஆடி மாதத்தில் ஓரி விழா நடக்கும் நாள்களில் கூட்டம் மிகுதி; அப்போது கையில் கட்டுச்சோறும் இருப்பது நல்லது.

மறுநாள் நாம் அவ்வாறே சொல்லி வைத்துச் சென்றோம். திரும்பியபோது சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆவி பறக்க இலையில் விழுந்தன. சோறு சற்றே குழைந்திருந்தது. பழக்கம் விட்டுப் போயிற்று என்று அம்மாள் நாணினார். கடைக்காரரின் மகள், ஏழெட்டு வயதிருக்கும், நம் அருகே வந்து நின்று, "அம்மா, எனக்கும் கொஞ்சம்" என்றாள். அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள்.