கட்டம் போட்ட மாதம்

நாளுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, அட்டையில் தாமரைப்பூ போட்டு ஒரு நோட்டு விற்கிறார்கள். இன்று எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனசு எப்படி இருந்தது என்று உள்ளே வரிசையாகக் கேள்விகள். மாதக் கடைசிக்குத் தனியாக ஒரு பக்கம்: இந்த மாதம் எது நன்றாக நடந்தது, எதை விட்டுவிட வேண்டும், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும். 'வெல்னஸ் பிளானர்' என்று பெயர். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அண்ணன் மகள் எனக்கு ஒன்று அனுப்பினாள். "எழுதிப் பாருங்க அத்தை, தலைவலி எப்ப எப்ப வருதுன்னாவது தெரியும்" என்றாள்.

ராமநாதபுரத்தில் எந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு கட்டம் போட்ட தாள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். ஜவுளிக்கடையோ நகைக்கடையோ கொடுத்த மாதக் காலண்டர். பக்கத்து மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகி வருவது. (அங்கே ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். வருடம் பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே அதன் நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் தயார்.) அந்தக் கட்டங்களில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு தேதியில் 'பால் இல்லை', ஒரு தேதியில் 'சிலிண்டர்', ஒன்றில் 'சீட்டு', இன்னொன்றில் 'காதுகுத்து, பரமக்குடி'. எங்காவது ஒரு மூலையில் பேனாவால் வைத்த சின்னப் புள்ளி. அது என்னவென்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்கும் தெரியும், கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நம் வீடுகளில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எழுதிவைக்கும் ஒரே குறிப்பு பெரும்பாலும் அந்தப் புள்ளிதான். மற்றதெல்லாம் வீட்டுக் கணக்கு. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பாலிதீன் உறை போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்துக் காப்போம். தேதி தவறாமல் தூக்கிக்கொண்டு போவோம். நமக்கென்று அப்படி ஒரு அட்டை இருந்ததில்லை, இருக்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

ஆண்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 அன்று, இந்தக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் இருக்கும் ஏற்பாடு. முதலில் 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க விடும் காலம். அப்போது ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். வலையெல்லாம் பிரித்துக் கிழிசல் முடிவார்கள். ஒரு வருடம்கூடத் தப்பாது.

அப்படி ஒரு தடைக்காலத்தில் மண்டபம் கரையில் இன்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்த படகு டிரைவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "அண்ணே, உங்களுக்குப் பிரஷர், சுகர் எல்லாம் எப்பப் பாத்தீங்க?"

"அதெல்லாம் பாத்தா இருக்கத்தாம்மா செய்யும். ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"இன்ஜினை அப்படி விடுவீங்களா?"

சிரித்தார். "இன்ஜின் நின்னா நடுக்கடல்ல நிக்கணுமே." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்தவர் மாதிரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். வைத்தவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

படகுக்கு வருடத் திட்டம் உண்டு. அரசாங்கம் போட்டது என்றாலும், ஊரே கடைப்பிடிப்பது. வாரத் திட்டமும் உண்டு. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடந்த சண்டைகளுக்குப் பிறகு வந்த ஏற்பாட்டின்படி, ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, டோக்கன் வாங்கிக்கொண்டு போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. மாதத் திட்டம் என்று தேடினால், அது இந்தக் கரையின் பெண்களிடம் இருக்கிறது. நான் இந்த நோட்டைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அவர்களைப் பற்றிச் சொல்லத்தான்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடற்பாசி எடுக்கிறார்கள். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பவளப்பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் போடுவது தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அவர்களுக்குள் பெயர். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் செய்யப் போகும், கோரை ஆல்ஜினேட் செய்யப் போகும். நாம் தின்னும் ஐஸ்கிரீமில் கரைந்திருப்பது இந்தப் பெண்களின் விரல் காயமாகவும் இருக்கலாம்.

அவர்கள் முங்கும் இடம் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்குமான 21 தீவுகளை 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989ல் அந்தக் கடற்பகுதி முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமானது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடம் திடீரென்று போகக்கூடாத இடமானது. வனத்துறையோடு பல வருடம் இழுபறி. அதற்கு நடுவில்தான் அந்தப் பெண்கள் ஒன்று செய்தார்கள். தங்களுக்குத் தாங்களே மாதக் கணக்கு போட்டுக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் 12 நாள்தான் கடலில் இறங்குவது. இரும்பால் சுரண்டக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். பாசி வளரும் பருவத்தில் அடியோடு நிறுத்திவிடுவது. இந்தக் கட்டுப்பாட்டுக்காகவும் பெண்களை ஒன்று சேர்த்ததற்காகவும் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015ல் தீவுகளின் சூழல் காப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது.

அமாவாசையும் பௌர்ணமியும் ஏன் என்றால், சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் நாட்கள் அவை. ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தண்ணீர் நன்றாக இறங்கும்போது பாசி கைக்கு எட்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அவ்வளவாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அப்போது முங்கினால் மூச்சுதான் செலவு. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் நிற்கும். ஊர் ஊராக வந்து முழுக்குப் போட்டு, தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் தள்ளி, வேறொரு கரையில், அதே நிலாக் கணக்கை வைத்து வேறொரு முழுக்கு நடக்கும்.

இதைச் சொல்லும்போது ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். மீதிப் பதினேழு பதினெட்டு நாளும் அவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதில்லை. நூறு நாள் வேலை, கருவாடு, கூலி என்று ஓடுவார்கள். வறுமையில் போட்டுக்கொண்ட கணக்குக்கு 'ஆரோக்கிய வாழ்வு' என்று பெயர் சூட்டிப் புகழ்வது அசிங்கம். ஆனால் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறிய தோலுக்கும் கீறல் ஆறாத விரலுக்கும் அந்த இடைவெளி வேண்டியிருக்கிறது. பாசிக்கும் வேண்டியிருக்கிறது. பறித்த இடத்தில் மறுபடி வளர நாள் விட்டால்தான் அடுத்த மாதம் ஏதாவது இருக்கும்.

அந்தத் திட்டம் நிற்பதற்குக் காரணம் எதுவென்று யோசித்தால், அது ஒருத்தியின் நோட்டில் இல்லாததுதான். பத்துப் பேர் நிறுத்தி ஒருத்தி மட்டும் இறங்கினால், மறுநாள் பதினொரு பேரும் இறங்குவார்கள். கடைப் பிளானர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள், உங்கள் தூக்கம், உங்கள் தண்ணீர், உங்கள் மனசு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'எனக்கு ஓய்வு' என்று வண்ணப் பேனாவால் எழுதிவைத்தால் வருகிற விருந்தாளிக்கு அது எப்படித் தெரியும்? காந்தி திங்கட்கிழமைகளில் பேசாதிருந்தார். அதை ஊருக்கே தெரியும்படி வைத்திருந்ததால்தான் வைசிராய்கூடத் திங்கட்கிழமையென்றால் எழுதிக்காட்டும் பதிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பெஞ்சமின் பிராங்க்ளினை இந்த நோட்டுகளின் பாட்டன் என்று சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்று என்று எடுத்து, தவறிய நாளுக்குக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. பூரணம் கடைசிவரை வரவில்லை என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. அது போலீஸ் ஸ்டேஷன் ரெஜிஸ்டர். காலண்டர் மூலையில் நம் பெண்கள் வைக்கும் புள்ளியில் குற்றம் எதுவும் இல்லை. உடம்பில் இது நடந்தது, இன்றைக்கு நடந்தது, அவ்வளவுதான். திட்டமும் சுயபரிசோதனையும் அந்தத் தொனியில் இருந்தால் போதும்.

அண்ணன் மகள் அனுப்பியதை நான் என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். தண்ணீர்க் கட்டத்தை அடித்துவிட்டேன். ராமநாதபுரத்து வெயிலில் தண்ணீர் குடிக்க யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை, குழாயில் நல்ல தண்ணீர் வந்த நாளை எழுதுவது உபயோகம். தூக்கம், தலைவலி, முழங்கால் மூன்றையும் வைத்துக்கொண்டேன். நன்றிப் பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் தெருவில் யாரும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை, நண்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கிண்ணம் நம்மிடம் நிற்கிறது என்று எழுதுகிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பக்கூடாது என்பதால் அதுவும் ஒரு திட்டம்தான்.

மாதக் கடைசிப் பக்கம் மட்டும் உண்மையிலேயே வேலை செய்தது. தலைவலி எழுதிய நாட்களைத் திருப்பிப் பார்த்தபோது, பெரும்பாலும் அவை மாதத்தின் முதல் வாரத்தில் வந்து விழுந்திருந்தன. வெயிலும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒன்றாம் தேதி சீட்டு கட்ட வேண்டும், நான் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளம் வர எட்டு, ஒன்பது ஆகிவிடும். நடுவில் கைமாற்று. அந்தச் சீட்டு முடிந்ததும் பதினைந்தாம் தேதி கட்டும் சீட்டில் சேர்ந்தேன். தலைவலி பாதி போயிற்று. மீதிப் பாதிக்கு டாக்டரிடம் போனபோது, எந்தெந்தத் தேதி என்று சொல்ல முடிந்தது. அவரும் பிரஷர் மாத்திரையை அதற்கேற்ப மாற்றினார்.

மாதக் கணக்கை நான் இப்போது அமாவாசையிலிருந்து அமாவாசைக்குப் போடுகிறேன். இருபத்தொன்பது, முப்பது நாளில் முடிந்துவிடும். எங்கள் தெருவில் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் பிறை பார்த்து மாதம் தொடங்குகிறவர்கள். கடற்கரைக்காரர்கள் நிலா பார்த்து நீர் கணிக்கிறவர்கள். எல்லோருக்கும் பழகிய கணக்கு. ஓய்வு என்று நான் குறித்த நாட்களைச் சமையலறைக் காலண்டரிலேயே, 'சிலிண்டர்' எழுதிய அதே பேனாவால் எழுதிவைக்கிறேன், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி. முதல் மாதம் வீட்டுக்காரர் "இது என்ன தேதி, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

தாமரைப்பூ அட்டை வாங்க வேண்டியதில்லை. சமையலறையில் தொங்குவதே போதும், ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி அதோடு தொங்கவிடுங்கள். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள், அவர்கள் வரும் தேதியை முதலில் எழுதுங்கள். ஓய்வு நாளை அடுத்து எழுதுங்கள். பால் கணக்கு அதற்குப் பிறகு. மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் கூட்ட நோட்டில் சேமிப்பு, கடன் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் 'உடம்பு' என்று ஒரு பத்தி போட்டு, ஒருவரையொருவர் கேளுங்கள். ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். அமாவாசை மாதத்துக்கு ஒன்று வருகிறது.